வரவேற்பறைக் கணினி இரையாமல் இயங்குவது எப்படி?

தொலைக்காட்சியுடன் இணைத்துத் திரைப்படம் காணவும் விளையாடவும் பயன்படும் கணினி இரைவதற்கு அடிப்படைக் காரணம் வெப்பமே ஆகும். செயலியும் வரைகலை அட்டையும் சேர்ந்து 300 வாட் மின்சாரத்தை உட்கொண்டால், அது ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறிவிடுவதால், அதனை வெளியேற்ற விசிறி இடைவிடாது சுழல வேண்டியுள்ளது. சுழலும் இறக்கைகளின் விளிம்பில் காற்று சிதறிச் சுழிப்பதே இரைச்சலாகக் கேட்கிறது.

ஒரே வடிவமைப்புள்ள விசிறிகளில், தள்ளப்படும் காற்றின் அளவு சுழல்வேகத்துக்கும் விட்டத்தின் மும்மடிக்கும் ஏற்ப உயர, ஒலியின் ஆற்றலோ வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் உயர்கிறது. எனவே வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 15 டெசிபெல் தணியும். 80 மி.மீ. விசிறி தள்ளும் காற்றை 140 மி.மீ. விசிறி ஐந்தில் ஒரு பங்கு வேகத்திலேயே தள்ளிவிடும் என்பதால், பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவதே அமைதிக்கான முதல் வழியாகும்.

இதற்குத் துணைநிற்பது வெப்பக் குழாய், அதாவது சிறிதளவு நீரைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து மூடிய செப்புக் குழாய். செயலியின் சூட்டில் ஆவியாகும் நீர், அலுமினியத் தகடுகள் செருகிய மறுமுனையில் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைப் படலத்தில் ஊறித் திரும்புகிறது. எனினும், கணினியை மூடிய அலமாரிக்குள் வைத்தால் வெளியேறிய வெப்பக் காற்றே மீண்டும் உள்ளே புகுந்து விசிறியை விரைவாகச் சுழலச் செய்யுமாதலால், காற்றோட்டமான இடம் இன்றியமையாதது.