கூடி அமைந்த அலுவலகங்களும் குறையும் மின்செலவும்

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்பது நம் முன்னோர் மொழி. இது குடும்பத்திற்கு மட்டுமன்று, நகரத்திற்கும் பொருந்தும். வங்கி, காப்பீட்டு நிறுவனம், கணக்காய்வு அலுவலகம், தங்கும் விடுதி போன்றவை பண்டங்களை உற்பத்தி செய்வதில்லை. மக்களுக்குச் சேவை புரிகின்றன. இச்சேவைத் தொழில்கள் ஓரிடத்தில் கூடி அமைந்தால், அவ்வட்டாரத்தில் எரிசக்தி எவ்வாறு மிச்சமாகிறது என்பதை இங்குக் காண்போம்.

ஆலைக்கன்றோ எரிசக்தி வேண்டும், அலுவலகத்திற்கு எதற்கு என்று நாம் எண்ணலாம். வெப்ப நாடுகளின் பெரிய அலுவலகங்களில் விளக்கு, மின்தூக்கி, கணினி ஆகியவற்றோடு குளிர்சாதனமும் மின்சாரத்தில் பெரும் பங்கை விழுங்குகிறது.

பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கடலைத் தூர்த்து உருவாக்கிய மரினா பே பகுதியில் வங்கிகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் பல, தமக்கெனத் தனிக் குளிரூட்டும் இயந்திரங்களை வைத்துக்கொள்ளவில்லை. நிலத்தடியிலுள்ள பொது நிலையங்களில் குளிர்விக்கப்பட்ட நீர், குழாய் வழியே கட்டடங்களுக்குச் செல்கிறது. அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு நிலையத்திற்கே திரும்புகிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய இம்முறையால் 40 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சமாவதாக, இதனை நடத்தும் எஸ்.பி. குழுமம் கூறுகிறது.

இது எப்படி இயலும்? பல சிறிய இயந்திரங்களைவிடச் சில பெரிய இயந்திரங்கள் குறைந்த மின்சாரத்தில் அதிகக் குளிர்ச்சி தரும். மேலும், அலுவலகத்திற்கு நண்பகலில் குளிர்ச்சி மிகுதியாக வேண்டும். விடுதிக்கோ இரவிலும் வேண்டும். எல்லாருடைய உச்சத் தேவையும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆதலால் தனித்தனியே வைப்பதைவிடக் குறைந்த இயந்திரங்களே போதும். கட்டடங்கள் சிதறிக் கிடந்தால் இது பலிக்காது. நீண்ட குழாயில் நீரைத் தள்ளவே மின்சாரம் செலவாகும். வழியில் குளிர்ச்சியும் குறையும்.

இக்கருத்து புதியதன்று. குளிர் மிகுந்த நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், 1882ஆம் ஆண்டிலேயே தெருவுக்கடியில் குழாய் பதித்துப் பல கட்டடங்களுக்கு நீராவி வழங்கத் தொடங்கினர். அந்த நீராவி வழங்கல் இன்றும் நடைபெறுகிறது.

பயணத்திலும் மிச்சமுண்டு. வங்கிக்கு அடுத்த தெருவிலேயே கணக்காய்வு அலுவலகம் இருந்தால் நடந்தே போய்வரலாம். பல்லாயிரவர் ஓரிடத்திற்கு வேலைக்கு வருவதால், அவர்களுக்காக இரயில் விடுவதும் கட்டுப்படியாகும்.

ஆனால், கூடியிருப்பது மட்டும் போதாது. கூடித் திட்டமிடவும் வேண்டும். அனைவரும் தத்தம் காரில் வந்தால், நெரிசலில் எரிபொருள் வீணாகும். கட்டடத்துக்குக் கட்டடம் குளிர்சாதனம் வெளியேற்றும் வெப்பத்தால் தெருவே சூடேறும். அச்சூட்டைத் தணிக்க மேலும் மின்சாரம் வேண்டும். அப்போது கூட்டமே கேடாக முடியும்.

நம் நாட்டிலும் குஜராத்தின் காந்திநகருக்கு அருகிலுள்ள கிஃப்ட் நகரில் பொதுக் குளிரூட்டல் முறை அமைந்துள்ளது. நம் நகரங்களோ நாள்தோறும் வளர்கின்றன. இன்று எழும் கட்டடம் இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும். அதைக் கட்டி முடித்தபின் தெருவைத் தோண்டிக் குழாய் பதிப்பது எளிதன்று. ஆகவே, திட்டமிடும்போதே பகிர்ந்துகொள்ள வழி செய்தல் வேண்டும். நாளைய நகரங்களை வரையப்போகும் பொறியாளர்கள் நம் வகுப்புகளிலும் இருக்கக்கூடும். அண்டை வீட்டாருடன் பகிர்ந்து வாழும் பண்பு, அவர்கள் வரையும் நகரத்திலும் விளங்கட்டும்.