செஞ்சிக்குக் குழந்தைகளோட போறீங்களா? உச்சியை வைத்து பிளான் போடாதீங்க

எங்க ஊர் பேரிலேயே மலை இருக்கு. விருத்தாசலம்னா பழைய மலைன்னு அர்த்தம். பழமலை, முதுகுன்றம்னும் சொல்வாங்க. ஆனா ஊரைச் சுத்தி எங்க பார்த்தாலும் மணிமுத்தாறு, கோயில் கோபுரம், பீங்கான் சூளைகள், அவ்வளவுதான். மலையைக் காணோம். அதனால வீட்டுக் குழந்தைங்க "நிஜ மலை காட்டு"ன்னு கேட்டா, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல பதில் செஞ்சி. சுமார் 100 கி.மீ. தூரம்.

நான் ரெண்டு தடவை வீட்டாரோட போயிருக்கேன். முதல் தடவை பிளான் போட்டது நான். அது சொதப்பிடுச்சு. ஏன் சொதப்பிச்சுன்னு யோசிச்சதில் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறேன். செமஸ்டர் லீவில் நீங்களும் அக்கா, அண்ணன் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் படிச்சிடுங்க.

முதல் தடவை நடந்தது

ஒரு மே மாசம். நான், அக்கா, மாமா, அக்காவோட ரெண்டு பிள்ளைங்க (9 வயசு, 6 வயசு), எங்க ஆயா. வீட்டில் சாப்பிட்டு மெதுவா கிளம்பினதால் கோட்டைக்குப் போகும்போதே மணி 11. "ராஜகிரி உச்சிக்குப் போறோம், போட்டோ எடுக்கிறோம்" என்பது மட்டும்தான் என் பிளான். ஆறு பேருக்கு மூணு லிட்டர் தண்ணி. ஆயாவைக் கீழே ஒரு மர நிழலில் உட்கார வெச்சுட்டு ஏறினோம்.

பாதி தூரத்தில் சின்னவன் படியில் உட்கார்ந்துட்டான். "சித்தி, தலை வலிக்குது"ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கொஞ்சம்தான்டா." அதை மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை அவன் வாந்தி எடுத்தான். முகம் சிவந்துபோச்சு. தண்ணி காலி. மாமா அவனைத் தோளில் போட்டுக்கிட்டு அந்தச் செங்குத்தான படிகளில் இறங்கினதை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. கீழே வந்து நிழலில் படுக்க வெச்சு, ஈரத்துணியால் துடைச்சு, ஓ.ஆர்.எஸ். கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் சரியாயிட்டான். யாரும் என்னைத் திட்டல. ஆயா மட்டும், "அவன் மொத தடவ சொன்னப்பவே எறங்கியிருக்கலாம்ல"ன்னு கேட்டாங்க.

பாறை ஒரு சூளை

எங்க அப்பா ஒரு பீங்கான் யூனிட்டில் சூளை வேலை பார்க்கிறார். அவர் அடிக்கடி சொல்றது: "நெருப்பை அணைச்சாலும் செங்கல் அணையாது." கல் மெதுவா சூடாகும், மெதுவாத்தான் ஆறும்.

செஞ்சி மலையும் இதேதான். காலையில் கை வெச்சா சில்லுன்னு இருக்கிற பாறை, வெயில் ஏற ஏற சூட்டைச் சேமிச்சுக்கிட்டே இருக்கும். மதியத்துக்கு மேல் தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் சுடுகிற கல். நடுவில் நாம.

இதில் குழந்தைக்கு ரெண்டு கஷ்டம் கூடுதல். ஒண்ணு, உடல் எடையோட ஒப்பிட்டா அவங்க தோலின் பரப்பு பெரியவங்களைவிட அதிகம். அதனால் வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். ரெண்டு, அவங்க உயரம் குறைவு, சூடான பாறைக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருக்காங்க. "நமக்கே ஒண்ணும் ஆகல, இவனுக்கு என்ன" என்ற கணக்கு அதனாலதான் தப்பு.

திரும்புற நேரத்தை முதலில் முடிவு பண்ணுங்க

ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். ஒரு மாடிக்கு 3 மீட்டர்னு வெச்சா 80 மாடி. நம்ம வயசுக்காரங்க ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் ஏறிடலாம். சின்னப் பிள்ளைங்க இருந்தா நேரத்தை ரெண்டு மடங்கா போடுங்க. இறங்குறதும் லேசில்லை. உயரமான படிகளில் குட்டிக் கால்கள் ஒவ்வொண்ணா வைக்கணும்.

எவரெஸ்ட் ஏறுறவங்க ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. "இத்தனை மணி ஆச்சுன்னா எங்கே இருந்தாலும் திரும்பணும்"னு முன்கூட்டியே முடிவு பண்ணிடுவாங்க. 1996 மே மாசம் அங்கே ஒரே புயலில் 8 பேர் இறந்தாங்க. அன்னிக்குப் பலர் மதியம் 2 மணி தாண்டியும் மேலே ஏறிக்கிட்டே இருந்தாங்க. செஞ்சி எவரெஸ்ட் இல்லைதான். ஆனா உச்சி கண்ணுக்குத் தெரியும்போது மனசு நியாயமா கணக்குப் போடாது என்பது ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். அதனால வீட்டிலேயே முடிவு பண்ணிட்டுப் போகணும்.

ரெண்டாவது தடவை எங்க ரூல் இது: காலை 10:30 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பணும். அதுக்கு முன்னாடி ஒரு குழந்தை படியில் உட்கார்ந்துட்டா, அன்னிக்கு அதுதான் உச்சி. பேச்சே கிடையாது.

நாள், வழி, பை

மாதம்: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் மழை பெய்தா பாறை வழுக்கும், இடி மின்னலும் இருக்கும். மே மாசம் வேண்டவே வேண்டாம்.

வழி: காரில் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியா செஞ்சி. ரயில்னா விருத்தாசலத்திலிருந்து விழுப்புரம், அங்கிருந்து பஸ். கோட்டை, செஞ்சி ஊரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் 2 கி.மீ. போல. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. 15 வயசுக்குக் கீழே டிக்கெட் இல்லை.

தண்ணி: ஆளுக்கு ஒரு லிட்டர், அதுக்கு மேல் பொதுவா ரெண்டு லிட்டர். மேலே கடை இருக்கும்னு நம்பாதீங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தொப்பி, ஒரு துண்டு கட்டாயம். செருப்பு வேண்டாம், பிடிப்பான ஷூ போடுங்க. குரங்குகள் அதிகம். பாலிதீன் பையைக் கையில் ஆட்டிக்கிட்டுப் போகாம எல்லாத்தையும் ஜிப் போட்ட பையில் வைங்க.

கவனிக்க: தலைவலி, வாந்தி, எரிச்சலான அழுகை இதில் எது வந்தாலும் உடனே நிழல், தண்ணி, இறக்கம். குழந்தை குழப்பமா பேசினாலோ, தண்ணி குடிக்க முடியாம போனாலோ 108-க்கு போன் பண்ணுங்க.

ஏறாதவங்களுக்கும் ஒரு பிளான்

ஆயாவை மர நிழலில் விட்டுட்டுப் போனது எனக்கு இன்னும் உறுத்துது. உண்மையில் கீழேயே பார்க்க நிறைய இருக்கு. கூம்பு மாதிரி மேல்கூரை வெச்ச பல அடுக்குக் கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில். சிவாஜி 1677-இல் இந்தக் கோட்டையைப் பிடிச்சார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தப்போ முகலாயப் படை 1690-இல் முற்றுகையைத் தொடங்கி, 1698-இல்தான் உள்ளே வந்தது. எட்டு வருஷம்! நாம ஒரே காலையில் உச்சியைப் பிடிக்கணும்னு துடிக்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டில் இருக்கிறது இது ஒண்ணுதான்.

விழுப்புரத்திலிருந்து வரும் வழியில் மண்டகப்பட்டு இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம அமைத்த கோயில்னு மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டு வெச்ச குடைவரை அங்கேதான். ஒரே பாறையைக் குடைஞ்சது, ஏற்றமும் பெரிசா இல்லை. ஆயாவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

பிள்ளைங்க கேட்கிற கேள்வி

"இந்த உருண்டைக் கல்லையெல்லாம் யார் அடுக்கினது?" எல்லாக் குழந்தையும் இதைக் கேட்கும். பதில் சுலபம். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெதுவா இறுகி, சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த கிரானைட் உருவாச்சு. பிற்பாடு அதில் குறுக்கும் நெடுக்கும் விரிசல் விழுந்து, கட்டி கட்டியா ஆச்சு. விரிசலில் தண்ணி இறங்கினா, கட்டியின் மூலையை மூணு பக்கமும், விளிம்பை ரெண்டு பக்கமும், முகத்தை ஒரு பக்கமும் அரிக்கும். அதனால மூலை முதலில் போயிடும். சோப்புக் கட்டி உருண்டையாகிற மாதிரிதான். அரிச்ச மண் மழையில் போக, உருண்டைகள் அடுக்கினபடியே நிக்குது. யாரும் அடுக்கல, யாரும் கலைக்காம விட்டதுதான்.

அடுத்தது எங்க ஊர் விஷயம். கிரானைட்டில் கண்ணாடி மாதிரி தெரியுறது குவார்ட்ஸ், வெள்ளையாவோ இளஞ்சிவப்பாவோ இருக்கிறது ஃபெல்ஸ்பார். ஃபெல்ஸ்பார் மக்கினா கிடைக்கிறது வெள்ளைக் களிமண். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூணையும் அரைச்சுக் கலந்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டா அதுதான் பீங்கான்.

ரெண்டாவது தடவை, ஒரு ஜனவரி காலையில், 10:30 மணிக்கு நாங்க பாதி மலையில் இருந்தோம். இதை அங்கே உட்கார்ந்துதான் சொன்னேன். சின்னவன் பாறையைத் தடவிப் பார்த்துட்டு, "அப்போ தாத்தா செய்யுற ஃப்யூஸ் கேரியரும் இந்த மலையும் சொந்தமா?"ன்னு கேட்டான். ஆமாடான்னேன். அப்புறம் ரூல்படி இறங்கிட்டோம். உச்சியை நாங்க இன்னும் பார்க்கல. அடுத்த ஜனவரிக்கு எப்போ போறோம்னு அவனே இப்பவே கேட்க ஆரம்பிச்சுட்டான்.