வேடந்தாங்கலில் வீடு... வயலில் சாப்பாடு!

குட்டீஸ்! பறவைகள் சரணாலயம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது வேடந்தாங்கல்தானே? செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். இவ்வளவு சின்ன ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன? வாங்க, பார்க்கலாம்!

தண்ணீருக்குள் மரங்கள்

ஏரிக்குள் கூட்டமாக நிற்பவை நீர்க்கடம்பு மரங்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் இவை அழுகுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், கோட்டையைச் சுற்றி அகழி இருப்பது போல மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். காட்டுப்பூனை, நரி போன்றவை கூடுகளை எளிதில் நெருங்க முடியாது. அதனால்தான் பறவைகள் இங்கே குஞ்சு பொரிக்கின்றன. மழை பொய்த்தால் அவற்றின் வரவும் குறைந்துவிடும்.

அலகுக்கு ஏற்ற சாப்பாடு

நத்தைகுத்தி நாரை, நத்தையின் ஓட்டை உடைக்காமலே சதையை வெளியே எடுத்துவிடும். இதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். ஆனால், குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும்.

கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசித் தண்ணீரைத் துழாவும். அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்திப் புழு, பூச்சி தேடும். கூழைக்கடா தாடைப் பையில் மீனைத் தண்ணீரோடு அள்ளும். பாம்புத்தாரா முங்கிப் போய் ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தும். வக்காவோ மாலையில்தான் இரை தேடவே கிளம்பும்! உணவும் முறையும் நேரமும் வேறு வேறு என்பதால் போட்டி குறைகிறது.

சமையலறை எங்கே?

இத்தனை வாய்களுக்கு ஒரு சின்ன ஏரி போதுமா? போதாது! அதனால் பல பறவைகள் தினமும் சுற்றுவட்டார ஏரி, குளம், நெல் வயல்களுக்குப் பறந்து போய் இரை கொண்டு வருகின்றன. வேடந்தாங்கல் அவற்றின் தொட்டில்; சமையலறை வெளியே இருக்கிறது!

வெளியே சாப்பிட்ட பறவைகளின் எச்சம் இந்த ஏரியில் விழுகிறது. அது நீரை உரமாக்குகிறது. அந்த நீர் பாயும் வயல்களில் பயிர் நன்றாக விளைகிறது. இதை அறிந்த கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர். வேட்டையாட வந்தவர்களைத் தடுக்க, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உத்தரவே வாங்கிவிட்டனர்!

2022இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால், இந்த ஏரியை மட்டும் காத்தால் போதாது. பக்கத்துக் குளங்களைத் தூர்த்தால், வயலில் பூச்சிமருந்தைக் கொட்டி நத்தையையும் தவளையையும் அழித்தால், கூட்டில் காத்திருக்கும் குஞ்சுகள் பட்டினிதான்.

தெரியுமா உங்களுக்கு?

வேடந்தாங்கலில் இருப்பவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் அல்ல. இங்கே கூடு கட்டும் நாரை, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தாம். வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். இங்கே கூடு கட்டுவதில்லை.

உங்கள் ஊர்க் குளமும் ஏதோ ஒரு பறவையின் சமையலறையாக இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாமல் கரையில் உட்கார்ந்து பாருங்கள். எந்த அலகு எதைப் பிடிக்கிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். சரியா, குட்டீஸ்?