147 கிலோமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் பருமன்

பெரும்பாலும் நீராவியை நம்பியிருந்த கோலார் தங்கவயலுக்கு, காவிரியின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கடந்து 1902 ஜூனில் வந்து சேர்ந்தது. அத்திட்டத்துக்கு ஊக்கமளித்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அந்த மின்தடத்தில் ஒரு கம்பியின் பருமன் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள மின்புலத்தைக் கணினியில் கணக்கிட முயன்றால், நீளம் பருமனைப்போல் ஏறத்தாழ 1.8 கோடி மடங்காக இருப்பதே முதல் தடையாக நிற்கும். அதே தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் கேபிளை எடுத்துக்கொண்டாலும் இக்கட்டு இதேதான்.

இத்தகைய சிமுலேஷன், வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து (பொறியாளர்கள் இதை மெஷ் என்பர்) ஒவ்வொன்றிலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. கட்டம் ஒரு மில்லிமீட்டரானால் ஒரு கன மீட்டருக்கே 100 கோடி கட்டங்கள் வேண்டும். கட்டத்தை ஒளி கடக்கும் நேரத்தைவிடக் காலப்படி நீளக்கூடாது என்ற, 1928-இல் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் வகுத்த நிபந்தனையும் சேரும்போது, அக்கால 25 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரே சுற்றுக்கு 2,000 கோடிக்கு மேற்பட்ட படிகள் தேவைப்படும். அதற்கு முன்பே வடிவம் சிதைவதும் உண்டு: ஏழு இலக்கத் துல்லியமுள்ள எண்முறையில், 147 கிலோமீட்டர் தொலைவில் 16 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகளைக் கணினியால் பிரித்தறிய முடியாததால், கம்பியின் இரு ஓரங்களும் ஒரே புள்ளியாகிவிடலாம்.

நின்றுபோகும் சிமுலேஷனைவிட, எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான விடையைத் தரும் சிமுலேஷனே ஆபத்தானது. கட்டங்களை ஒரு மீட்டராக்கி, கம்பியைக் கட்ட விளிம்பில் ஒரு கோடாக மட்டும் குறித்தால், கம்பியின் ஆரம் கட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சென்டிமீட்டர் என்பதுபோலக் கணக்கு நடந்துகொள்ளும். தரையிலிருந்து எட்டு மீட்டர் உயரத்திலுள்ள அக்கம்பியின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 6.7 பைக்கோஃபாரட் என்று ஒரே வரிச் சூத்திரத்தால் கையாலேயே கண்டுவிடலாம்; கணினியோ அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் காட்டும். ஆகவே பெரிய கணினியைத் தேடுமுன் அலகுகளையும், பிறகு இந்தக் கைக்கணக்கையும் சரிபார்ப்பதே முறை.

கம்பியின் உட்புறத்தைக் கட்டங்களால் நிரப்பத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மாறுமின்னோட்டம் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம், செம்பில் 25 ஹெர்ட்ஸுக்கு 13 மில்லிமீட்டர். கம்பி அதைவிட மெல்லியதாகையால் மின்னோட்டம் உள்ளே ஏறக்குறைய சீராகப் பரவும், கம்பியை ஒரு மெல்லிய கோடாகவும் அதற்குரிய ஆரத் திருத்தமாகவும் கொண்டாலே போதும். இடிமின்னலில் வரும் 10 லட்சம் ஹெர்ட்ஸ் அலைக்கு அந்த ஆழம் 0.066 மில்லிமீட்டராகச் சுருங்குவதால், அங்கே பரப்பு மின்மறுப்பு என்ற வேறொரு தோராயத்தை நாட வேண்டும். 25 ஹெர்ட்ஸின் அலைநீளம் 12,000 கிலோமீட்டர் என்பதால், சில மீட்டர் நீளத் துண்டில் மீட்டருக்குரிய மதிப்புகளைக் கண்டு, முழுத் தொலைவையும் மின்தடச் சமன்பாடுகளிடம் விட்டுவிடுவதே நேர்வழி.

ஆயினும் ஆரத்தை அலட்சியமாகக் கொள்ள எப்போதும் இயலாது. ஆரம் இரட்டிப்பானாலும் மின்தேக்குத்திறன் ஒன்பது விழுக்காடே ஏறுகிறது. கம்பியின் மேற்பரப்பில் மின்புலமோ பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. ஈரக்காற்றில் கம்பி கிசுகிசுத்து ஊதாநிறத்தில் ஒளிரும் கொரோனா என்னும் மின்கசிவு எப்போது தொடங்கும் என்று அறிய வேண்டுமானால், கம்பியையும் பீங்கான் காப்பானையும் சுற்றிய ஓரிரு சாண் வெளியில் மட்டும் கட்டங்களை மில்லிமீட்டருக்கும் சிறிதாக்கி, வெளியே போகப்போக ஒவ்வொன்றையும் முந்தையதைவிடச் சற்றே பெரிதாக்கி வளர்க்க வேண்டியிருக்கிறது.