இளநீர் மருந்தா? விஷமா?

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம், பூவராகசுவாமி கோவிலால் பேர் பெற்ற ஊர். மற்ற ஊர்களைப் போல இங்கும் இப்போது வைத்தியம் கைக்குள் வந்துவிட்டது. செல்போனைத் தட்டினால் போதும். ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள்!

"தினமும் இளநீர் குடியுங்கள். உடம்புக்கு நல்லது" என்கிறார் ஒருவர்.

"ஐயோ, இளநீரா? இதயம் நின்றுவிடும்!" என்கிறார் இன்னொருவர்.

பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மை!

இளநீரில் பொட்டாசியம் என்ற உப்புச் சத்து அதிகம். நல்ல உடம்பு உள்ளவர் குடித்தால், தேவைக்கு மேல் உள்ளதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். வயலில் வெயிலில் நின்றவருக்கு இளநீர் அமிர்தம்.

சிறுநீரகம் கெட்டவருக்கு அப்படி அல்ல. அந்த உப்பு வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நின்றும் போகலாம்.

ஆகவே, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. "இது யாருக்கு?" என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மறைந்துபோன வரி

"நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே தீரவேண்டும்" என்பது இன்னொரு பேச்சு.

1945-ம் ஆண்டில் அமெரிக்க உணவு ஆராய்ச்சிக் குழு ஒன்று, ஒரு மனிதனுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் தேவை என்று சொன்னது. அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் கூடவே சொன்னது.

முதல் வரி உலகம் சுற்றியது. அடுத்த வரி மறைந்துவிட்டது!

சோறு, ரசம், மோர், காய்கறி எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. வெயிலில் உழைப்பவருக்கு எட்டு டம்ளர் போதாது. இதயம் பலவீனமான சிலருக்கோ, தண்ணீரைக் குறைக்கும்படி டாக்டரே சொல்வார். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது.

பத்தாயிரம் அடி

"தினமும் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும்" என்பதும் பலருக்கு வேதவாக்கு. இது எங்கே பிறந்தது தெரியுமா?

1964-ல் ஜப்பானில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. மறு ஆண்டு ஒரு ஜப்பானிய கம்பெனி, நடையை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கருவிக்கு வைத்த பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்பதுதான்! அது டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கு அல்ல. வியாபாரப் பெயர்.

2019-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட வயதான பெண்களின் நடையைக் கணக்கு எடுத்தார்கள். நாளுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே சாவு குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அதிகப் பலன் தெரியவில்லை.

பத்தாயிரம் அடி நடப்பதில் தவறு இல்லை. ஆனால், "அவ்வளவு முடியாது" என்று சும்மா உட்கார்ந்துவிடும் பாட்டிதான் நஷ்டப்படுகிறார். முடிந்த அளவு நடந்தாலே லாபம்.

உயிர் போனது

தண்ணீர் கணக்கு தவறினால் பெரும்பாலோருக்குப் பெரிய கெடுதல் இல்லை. எல்லா ஆலோசனையும் அப்படி அல்ல.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண்ணுக்கு வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். இன்டர்நெட்டில் வந்த படங்களைப் பார்த்து, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு ஏற்பட்டது. அவர் இறந்துவிட்டார்.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்டினால், கருப்பை சுருங்க ஊசி வேண்டும். ஏற்றுவதற்கு ரத்தம் வேண்டும். செல்போனில் இவை இரண்டும் இல்லை!

இன்னொரு வலையும் உண்டு. ஒரு படத்தைப் பார்த்தால், அதே மாதிரிப் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். "பத்துப் பேர் சொல்கிறார்களே" என்று தோன்றும். பத்துப் பேரை அழைத்து வந்தது பார்த்தவரின் விரல்தான்.

நாலு கேள்வி

எந்த ஆலோசனை வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள்.

சொல்பவர் யார்? படித்த டாக்டரா, பொடி விற்பவரா?

யாருக்குச் சொல்கிறார்? கர்ப்பிணிக்கா, சர்க்கரை நோயாளிக்கா, வாலிபருக்கா?

எவ்வளவு? எத்தனை நாளைக்கு?

எதை நிறுத்தச் சொல்கிறார்?

நாலாவது கேள்விதான் முக்கியம். "நட" என்று சொன்னால் யோசித்து நடக்கலாம். "மாத்திரையை நிறுத்து" என்று சொன்னால், உடனே செல்போனை மூடிவிடுங்கள்! ரத்த அழுத்தம் ஏறினாலும் பலருக்கு வெளியே தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை விட்டவருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் உண்மை தெரியும்.

சந்தேகம் வந்தால் கேட்க இடம் இருக்கிறது. 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்கு விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரியும் தூரம் இல்லை.

அங்கே உள்ள டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். படத்தில் பேசுகிறவருக்கு, கேட்பவரின் முகம்கூடத் தெரியாது.