தாழ்நிலை நான்கு சக்கர இயக்கம் (படகு இழுவை)

தாழ்நிலை நான்கு சக்கர இயக்கம் (லோ ரேஞ்ச்) என்பது, ஒரு வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைச் செலுத்துவதுடன், கியர் பெட்டியின் வேகக் குறைப்புக்கு மேலாக மற்றொரு வேகக் குறைப்பையும் சேர்க்கும் அமைப்பு ஆகும். கியர் பெட்டிக்கும் அச்சுகளுக்கும் இடையில் உள்ள மாற்றுப் பெட்டியில் (டிரான்ஸ்பர் கேஸ்) இது நிகழ்கிறது. படகு ஏற்றிய இழுவண்டியை (டிரெய்லர்) நீர்க்கரைச் சரிவில் இறக்கவும் ஏற்றவும் இந்நிலை பயன்படுகிறது.

டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. நான்கு முன் கியர்களும் ஒரு பின் கியரும் கொண்ட பெட்டியை, ஹை - லோ நெம்புகோல் எட்டு முன் கியர்களாகவும் இரண்டு பின் கியர்களாகவும் ஆக்குகிறது.

திருவள்ளூர் வட்டாரமும் இவ்வகை வண்டிகளும்

1998 முதல் மிட்சுபிசி லான்சர் கார்களைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்சின் திருவள்ளூர் ஆலையில், 2012 முதல் பஜேரோ ஸ்போர்ட் வண்டிகளும் பொருத்தப்பட்டன. இசுசு நிறுவனத்தின் வண்டிகளும் சில காலம் ஒப்பந்த முறையில் இங்கு உருவாயின. 2016இல் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள ஸ்ரீசிட்டியில் இசுசுவின் சொந்த ஆலை திறக்கப்பட்டது. திருவள்ளூர் ஆலை 2017இல் பிரான்சின் பெசோ-சித்ரோயன் குழுமத்துடனான கூட்டு முயற்சிக்கு மாறியது.

இவ்விரு வண்டி வகைகளும் இரு வேறு வடிவமைப்புகளுக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பகுதிநேர முறையைச் சேர்ந்தது; நான்கு சக்கர இயக்கத்தில் அதன் முன், பின் அச்சுகள் நேரடியாகப் பிணைக்கப்படுகின்றன. மிட்சுபிசியின் 'சூப்பர் செலக்ட்' முறையில் (1991இல் இரண்டாம் தலைமுறைப் பஜேரோவில் அறிமுகமானது) நடு டிஃபரன்சியல் உண்டு. எனவே அதன் உயர்நிலையைத் தார்ச்சாலையிலும் பயன்படுத்தலாம். ஆனால் தாழ்நிலைக்குச் சென்றதும் அந்த நடு டிஃபரன்சியல் பூட்டப்பட்டுவிடும். அதாவது, தாழ்நிலையில் இரண்டு வண்டிகளும் ஒரே விதிக்கு உட்பட்டவையே.

வலிமையா, வேகமா?

தாழ்நிலை என்றால் கூடுதல் இழுவிசை என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. படகுச் சரிவில் இது பாதி உண்மையே. 2,000 கிலோ வண்டியும் 1,500 கிலோ படகும் இழுவண்டியும் எட்டுக்கு ஒன்று சரிவில் நிற்பதாகக் கொள்வோம். மொத்த எடையைச் சரிவில் மேலேற்ற ஏறத்தாழ 4,300 நியூட்டன் விசை தேவை. எந்திர முறுக்குவிசை 300 நியூட்டன்-மீட்டர், முதல் கியர் 4:1, அச்சுக் குறைப்பு 4:1 எனில் சக்கரங்களில் 4,800 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். சக்கர ஆரம் 0.37 மீட்டர் எனில், உயர்நிலையிலேயே சுமார் 13,000 நியூட்டன் உந்துவிசை உள்ளது. வலிமைக்குக் குறைவில்லை.

குறைவது பிடிப்பு. ஏற்றும்போது பின்சக்கரங்கள் பாசி படிந்த ஈரத் தளத்தில் நிற்கும். உராய்வுக் குணகம் 0.2 எனில், 1,100 கிலோ தாங்கும் பின்சக்கரங்களால் சுமார் 2,200 நியூட்டன் மட்டுமே இழுக்க முடியும். மீதி வீணாகச் சுழலும். முன்சக்கரங்கள் உலர்ந்த கான்கிரீட்டில் 0.7 குணகத்துடன் நின்றால் அவை மேலும் 6,200 நியூட்டன் அளவு தரும். எனவே மேலே ஏற வைப்பது நான்கு சக்கர இயக்கம்; தாழ்நிலை அன்று.

தாழ்நிலையின் பயன் வேகத்தில் உள்ளது. மேற்கண்ட விகிதங்களில், எந்திரம் நிமிடத்துக்கு 750 சுற்றுகளில் ஓடினால் வண்டி மணிக்கு சுமார் 6.5 கி.மீ. வேகத்தில் நகரும். இது நடப்பவரின் வேகத்தை விட அதிகம். இதை விட மெதுவாகப் பின்னோக்கிச் செல்ல கிளட்சைப் பாதி அழுத்தியே ஓட்ட வேண்டும். கிளட்ச் தட்டு எரிவது இதனால்தான். மாற்றுப் பெட்டி 2:1 குறைத்தால் கிளட்சை முழுவதும் விட்டுவிட்டே சுமார் 3.3 கி.மீ. வேகத்தில் நகரலாம். இறங்கும்போது எந்திரமே தடையாகவும் செயற்படும். மணலில் மட்டும் இதற்கு ஒரு குறை உண்டு: முதல் கியரின் மிகை முறுக்குவிசை சக்கரத்தைச் சுழற்றிப் புதைத்துவிடும். அங்குத் தாழ்நிலையில் இரண்டாம் கியர் ஏற்றது.

இடர்கள்

திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட நீண்ட வளைவில் செல்கின்றன. அச்சுகள் பிணைக்கப்பட்டிருந்தால் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லாமல் தண்டுகள் முறுகும். மணலும் ஈரமும் சக்கரத்தைச் சற்று வழுக்கவிட்டு இம்முறுக்கைத் தளர்த்தும். உலர்ந்த கான்கிரீட் தளர்த்தாது. ஆகவே இழுவண்டியை வளைத்துத் திருப்பும் வேலையை இரு சக்கர இயக்கத்தில் முடித்து, நேராக நின்ற பிறகே தாழ்நிலைக்கு மாற்றுவது முறை.

இம்மாற்றத்தைச் சமதளத்தில், வண்டி நின்ற நிலையில் செய்ய வேண்டும். உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்குச் செல்லும் வழியில் மாற்றுப் பெட்டி நடுநிலையைக் கடக்கும். அந்நேரத்தில் கியரோ, தானியங்கி வண்டியின் 'பார்க்' நிலையோ சக்கரங்களைப் பிடிக்காது.

கைப்பிரேக் பல வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அச்சக்கரங்கள் பாசியில் நிற்கும்போது, பிரேக் இறுகியிருந்தும் வண்டி நீருக்குள் வழுக்கிச் செல்லலாம். பிணைந்த நான்கு சக்கர இயக்கத்தில், பின்சக்கரங்களின் தடை தண்டுகள் வழியே முன்சக்கரங்களுக்கும் செல்கிறது. எனவே ஓட்டுநர் இறங்கிப் படகை அவிழ்க்கும்போதும் அதே நிலையில் கியரைப் போட்டு வைத்து, மேட்டிலுள்ள சக்கரங்களின் பின்புறம் கட்டை வைக்க வேண்டும். இழுவண்டிக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கத்தில் எவரும் நிற்கக்கூடாது.

நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய சக்கர பேரிங்குகளை உடனே நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சும். அரை மணி நேரம் ஆறவிடுவதும், பின்னர் நன்னீரால் கழுவுவதும் வழக்கம்.

தமிழ்நாட்டில்

ஆத்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் சொந்த வண்டியில் படகை இழுத்துச் செல்வது பொதுவான பழக்கம். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் நீரிலேயே கட்டிவைக்கப்படுகின்றன. 2015 திசம்பர் சென்னை வெள்ளத்தின்போது மீனவர்களின் படகுகள் லாரிகளில் ஏற்றியே கொண்டுசெல்லப்பட்டன. கடற்கரை மணலில் கண்ணாடியிழைப் படகுகளை இழுக்கும் பணியைச் சில ஊர்களில் டிராக்டர்கள் செய்கின்றன. அங்குப் பயன்படுவதும் லோ நெம்புகோலே.