மெல்லிய தலையணையா, மென்மையான தலையணையா?

கடையில் போய் "மெல்லிய தலையணை ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் என்ன கிடைக்கும்? உயரம் குறைந்த, தட்டையான தலையணை. உள்ளே நார் அடைத்து விறைப்பாக இருந்தாலும் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. தலை புதையவேண்டும் என்றால் 'மென்மையான தலையணை' என்று கேட்டிருக்கவேண்டும். பேச்சில், "மெத்துன்னு இருக்கணும்."

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். 'மெல்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவைதான். ஆனால் இன்றைய வழக்கில் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. 'மெல்லிய' பெரும்பாலும் அளவைச் சொல்கிறது: தடிமன் குறைவு, அல்லது வலு குறைவு. மெல்லிய கம்பி, மெல்லிய கோடு, மெல்லிய வெளிச்சம், மெல்லிய வாசனை. கம்பி விரலைக் குத்தினாலும் அது மெல்லிய கம்பிதான். 'மென்மையான' என்பது தொட்டால் தெரியும் தன்மையையோ, பழகினால் தெரியும் குணத்தையோ சொல்கிறது.

இதனால் எங்கே சிக்கல் வரும்? மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் அதிகம். 'மெல்லிய குரலில் பேசினார்' என்றால் சத்தம் குறைவு. அந்தக் குரலில் மிரட்டவும் முடியும். 'மென்மையான குரலில் பேசினார்' என்றால் கடுமை இல்லை. 'மெல்லிய மனிதர்' என்று எழுதினால் வாசகர் ஒல்லியான ஆளைத்தான் நினைப்பார். சாதுவானவரைச் சொல்ல 'மென்மையானவர்' என்பதே சரி.

சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'தடித்த', 'பலத்த' என்பவை எதிராக வந்தால் 'மெல்லிய'. 'முரட்டு', 'கடுமையான' என்பவை வந்தால் 'மென்மையான'. பூவிதழில் இரண்டு தன்மையும் உண்டு. அங்கே எதைப் போட்டாலும் பொருந்தும்.

இட்லிக்கு எது? விளம்பரங்கள் 'மிருதுவான' என்கின்றன. அது வடமொழியிலிருந்து வந்த சொல், தவறில்லை. 'மெல்லிய இட்லி' என்றால் மட்டும் மாவு பொங்காத தட்டை இட்லி என்று பொருளாகிவிடும். உண்மையில் சமையலறையில் இந்தச் சொற்கள் எதுவுமே அதிகம் புழங்குவதில்லை. வெண்டைக்காய் இளசு, கத்தரிக்காய் பிஞ்சு, வெண்ணெய் இளகியிருக்கிறது, சோறு குழைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வகை மென்மை. எழுதும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் 'மென்மையான' போடுவது வீண் சிக்கனம்.

'மெதுவடை' எப்படி வந்தது? அதை யாரும் மெதுவாகச் சுடுவதில்லை. 'மெது' என்பதற்கு மென்மை என்ற பொருளும் உண்டு. இன்று அது வேகக் குறைவையே அதிகம் குறித்தாலும் வடையிலும் மெது பக்கோடாவிலும் பழைய பொருள் தங்கியிருக்கிறது.

'மெல்' என்பதை வேறு சொல்லோடு சேர்த்து எழுதும்போது என்ன செய்வது? அடுத்து உயிரெழுத்து வந்தால் 'ல்' இரட்டிக்கும்: மெல்லிசை, மெல்லடி, மெல்லுடலி (நத்தை, சிப்பி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்). க, ச, ப வரிசை வந்தால் 'மென்' ஆகும்: மென்காற்று, மென்சொல், மென்பொருள், மென்பானம். 'மெல்பொருள்' என்று எழுதக்கூடாது.

ஒற்று போடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'மெல்லிய' ஒரு பெயரெச்சம் (பெயரோடு சேர்ந்து பொருள் முடியும் சொல்). அதன் பின் ஒற்று வராது: மெல்லிய காற்று, மெல்லிய துணி. 'மெல்ல', 'மென்மையாக' ஆகியவை வினையோடு சேர்பவை. அவற்றின் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று வரும்: மெல்லச் சிரித்தாள், மெல்லத் திறந்தான், மென்மையாகக் கேட்டார்.